நீல முடிச்சு

சுவிசேஷத்தை அடுத்த வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்வதில் ஸ்ரெல்லாவை மிஞ்சக் குருநகரில் ஆளில்லை. மாமியும் மருமகளும் முறைத்துக்கொண்டால் நடுவில் போய் நிற்பாள். குடித்துவிட்டு வந்து ஒழுங்கையில் கத்துகிறவனிடம், எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்னது உண்மைதான், அதற்காக நீ இந்தக் கிழமைக்குள்ளேயே கணக்கை முடிக்கப் பார்க்கிறாயா என்று கேட்பாள். அவன் வாயை மூடிக்கொண்டு படுக்கப் போய்விடுவான்.

எல்லாம் சரிதான். சொந்த அண்ணன் சிமியோனோடு மட்டும் அவளுக்குப் போன மாரியிலிருந்து பேச்சில்லை. தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சிய ஒரே இரத்தம் அவன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சிலர் சிரித்தது காதில் விழுந்தும், விழாதவள் போல் நடந்தாள்.

நடந்தது இதுதான். ஒரு நாள் இரவு கடலில் அவள் புருசன் மரியரட்ணத்தின் வலையும் சிமியோனின் வலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அப்படிப் பின்னினால் கத்தி வைக்கக்கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். இரண்டு வலையையும் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு வீட்டாரும் மணலில் குந்தியிருந்து சிக்கெடுக்க வேண்டும். சிக்கெடுத்து முடியுமுன் பழைய கோபதாபம்கூடத் தீர்ந்துவிடும். ஆனால் அன்றைக்கு வாடைக்காற்று பேய்போல எழும்பியது. மரியரட்ணம் போனில் கூப்பிட்டு என்ன செய்ய என்று கேட்டபோது, வெட்டிப்போட்டு வாங்கோ என்று சொன்னவள் ஸ்ரெல்லாதான். அவன் வெட்டிவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தான். சிமியோன் விடிந்த பிறகுதான் மண்டைதீவுப் பக்கமாகக் கரையேறினான் என்று அவள் மீன் சந்தையில் கேள்விப்பட்டாள். வந்துவிட்டான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அடுத்த ஆளிடம் மீன் விலை விசாரித்தாள்.

அதன்பிறகு சிமியோன் அவள் வாசலை மிதிக்கவில்லை. தன் புதுவலை போன கோபம் என்று அவள் நினைத்தாள். மனுசன் பெரிதா, வலை பெரிதா? தன் பக்கம்தான் நியாயம் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. பிழைவிட்டவன் முதலில் வரட்டும் என்று இருந்தாள். அவனும் பூசைக்கு வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கினான்.

ஆடியில் கோயில் திருவிழாவுக்கு முந்திய நவநாள்களில் ஒன்று மீனவர் நாள். அன்றைக்கு ஒவ்வொரு கடற்றொழில் வீடும் தன் வலையில் ஒரு துண்டைப் பீடத்தில் வைக்கும். இம்முறை காணிக்கைப் பவனியில் முன்னுக்குப் போகிற பேறு ஸ்ரெல்லாவுக்கு. மரியரட்ணம் கொட்டிலில் கைக்கு அகப்பட்ட வலைத்துண்டை எடுத்துத் தட்டில் வைத்தான். அவள் பின்னல் கரைபோட்ட றேந்தைத் துணியால் அழகாக மூடிக்கொண்டு, புதுச் சேலை சரசரக்கக் கோயிலுக்குப் போனாள்.

அன்றைய வாசகமும் வாய்த்ததே. காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வரட்டும் என்று பூசை வைத்த சுவாமி விளக்கினார். ஸ்ரெல்லா வழக்கம்போல் இது யார் யாருக்குப் பொருந்தும் என்று கோயிலைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். உனக்கு அவன்மேல் கோபமா என்று வேதம் கேட்கவில்லை, அவனுக்கு உன்மேல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது என்று சுவாமி சொன்னபோது அவள் கண் நின்றது. அப்படியானால் நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியே அங்கே இல்லையே.

பாட்டுத் தொடங்கியது. தட்டைத் தூக்கினாள். மின்விசிறிக் காற்றில் றேந்தைத் துணி விலகியது. வலையின் ஓரத்தில் நீல நூலில் இரட்டை முடிச்சு. அவளையும் சிமியோனையும் பெற்ற ஐயா போட்டுக்கொடுத்த அடையாளம், இன்றைக்கு அதைப் போடுகிறவன் சிமியோன் ஒருவன்தான். வெட்டிய அன்று மரியரட்ணத்தின் வலையோடு ஒட்டிக்கொண்டு வந்த துண்டு அது. அண்ணனின் வலையை ஆண்டவருக்குக் காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்!

காணிக்கையை விட்டுவிட்டுப் போகத்தான் வேதம் சொல்கிறது. காணிக்கையே அவனுடையது என்றால் என்ன செய்வது? ஸ்ரெல்லா யோசித்துக்கொண்டு நிற்கிற பிறவியில்லை. தட்டோடு திரும்பி, எல்லோரும் பார்த்திருக்க, வாசலால் வெளியே நடந்தாள். மரியரட்ணம் தலையில் கைவைத்தான்.

சிமியோன் தன் முற்றத்தில் வெறும் மேலோடு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற அவன் மனைவி ஜெசிதா வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. ஸ்ரெல்லா தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

“உன்ரை வலை அண்ணை. வெட்டச் சொன்னது நான்தான். வலை போன கோபம் உனக்கு இருக்கும்.”

சிமியோன் நீல முடிச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

“வலைக்கு ஆர் கோவிச்சது? அந்த இடத்திலை நானெண்டாலும் வெட்டியிருப்பன்” என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். “அண்டைக்கு நானும் அதே கடலிலைதான் நிண்டனான், ஸ்ரெல்லா. நான் கரை சேந்தனானோ எண்டு நீ ஒரு சொல்லுக் கேக்கேல்லை.”

இத்தனை மாதமும் அவள் நியாயம் பேசியது வலையைப் பற்றி. அவன் காத்திருந்தது ஒரு கேள்விக்கு.

கோயிலில் காணிக்கைப் பாட்டை முதலிலிருந்து திரும்பப் பாடத் தொடங்கியது இங்கே கேட்டது. சுவாமி காத்திருக்கிறார் போலும். புதுச் சேலை புழுதியாவதைப் பாராமல் அவள் அண்ணனுக்கு முன்னால் நிலத்தில் குந்தினாள்.

“இப்ப கேக்கிறன். கரை சேந்திட்டியோ அண்ணை?”

சிமியோன் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைப் புறங்கையால் துடைத்தான்.

“ஓம்” என்றான். “இப்பத்தான்.”

ஜெசிதா உள்ளே போய், அவன் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.