அகன்ற சாலைக்கு விழுந்த வாக்கு

இளங்கதிர் ஆற்றின் மேனியில் பொற்பொடி தூவ, நீரினின்று எழுந்த வெண்பனி கரையோரத்துத் தகரக் கூரைகளைத் தழுவி விடைபெற்றுச் செல்ல, மேட்டிலே மாடி வீடுகள் அணிவகுத்த எங்கள் தெரு, துயில் நீங்கியும் சோம்பல் நீங்காத செல்வரைப்போல் மெல்லக் கண் திறந்துகொண்டிருந்த வேளை அது. எவ்வீட்டில் பால் பொங்கிற்று, எவ்வீட்டில் மாமியார் பொங்கினார் என்பனவெல்லாம் சாளரத்தருகே அமர்ந்திருப்போரைத் தாமே தேடி வரும். நாம் போய்க் கேட்பதில்லை. அவ்வாறு தேடி வந்ததொரு செய்தியைத்தான், படிப்போரே, இங்கு உரைக்கப் புகுந்தோம்.

தெருமுனையில் பூட்டுக்கடை வைத்திருப்பவருக்கு நாங்கள் இட்ட பெயர் அமைச்சர். ஆட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால், திறவுகோலுக்குப் பல் வெட்டும் அரத்தையும் கீழே வைத்துவிட்டு, கேட்பவர் காது புளிக்கும்வரை பேசுவார். அவர் மனைவியோ அந்நேரம் பார்த்துக் கடையின் பின்கட்டில் பாத்திரங்களை உருட்டுவார். சென்ற தேர்தலில், ஆற்றை ஒட்டி அகன்ற சாலை அமைப்போம் என்ற கட்சிக்கு வீடு வீடாய்ச் சென்று வாக்குக் கேட்டவர் அவரே. கேளாமலே போட்டிருப்போம் என்பது வேறு. ஒரு வண்டி திரும்ப இன்னொரு வண்டி பின்வாங்கவேண்டிய எங்கள் தெருவுக்கு அச்சொல் வேனிலில் வீசிய தென்றல்போல் இனித்தது. கட்சி வென்றது. சாலையின் வரைபடத்தை ஒரு திங்கள் அளவும் அலுவலகச் சுவரில் தொங்கவிட்டு, மறுப்புடையோர் எழுதித் தரலாம் என்றார்கள். கூட்டமாய்ப் போனோம், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டின்மேல் விரல் வைத்தோம், சாலையைக் குறித்த செங்கோடு தீண்டவில்லையெனக் கண்டு நெடுமூச்செறிந்து மீண்டோம். அக்கோடு வேறெவர் கூரைமேல் ஓடிற்று என்று பார்க்க ஒரு விரலும் நகரவில்லை.

அன்று காலை வீடிடிக்கும் பொறியும் காவலர் இருவரும் சூழ அதிகாரி வந்தார். கரைவாழ் குடும்பங்கள் சுமை தூக்கி அகல, மெத்தை தைக்கும் பெண்ணின் கதவு மட்டும் திறக்கவில்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் முதுகு அவள் அடைத்த பஞ்சின்மேல்தான் உறங்குகிறது. மாற்றுவீட்டுக்கான ஒதுக்கீட்டுத் தாள் கைக்கு வராமல் வெளியேறேன் என்று, தையற்பொறியும் பஞ்சுப் பொதியும் தானுமாக உள்ளே பூட்டிக்கொண்டாள். கதவை உடைத்தால் சாய்ந்த சுவரும் உடன் விழும். பூட்டோ அமைச்சர் கைவேலை. ஆகவே அவருக்கு அழைப்பு வந்தது. மேட்டிலிருந்து நாங்களும் இறங்கினோம், உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க.

அவர் கதவருகே குந்தி, கருவிப்பையைத் திறந்து, தாம் வெறும் வேலையாள் என்றும் முடிவு மேலிடத்தது என்றும் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தார்.

“மேலிடம்னா யாருண்ணே? போன வருசம் இதே வாசல்ல வந்து நின்னு ஓட்டுக் கேட்டது நீங்கதானே?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“ரோடுதாம்மா கேட்டேன். உன் வீட்ட இடிக்கச் சொல்லலையே.”

“ரோடு எங்க வரும்னு நெனச்சீங்க? ஆத்துக்கு மேல பறந்தா?”

இரும்பை அராவி அராவிக் காய்ப்பேறிய அவர் விரல்கள் கருவிகளை ஒவ்வொன்றாய்ப் பைக்குள் இட்டன. பையை மூடினார், கதவில் முதுகு சாய்த்து அமர்ந்தார்.

“சார், இத நான் திறக்க மாட்டேன். ரோட்டக் கேட்டவன் நான். அந்தத் தாள் வரட்டும்.”

அதிகாரி சினக்கவில்லை. “நீங்க ஓட்டுப் போட்டுச் சொன்ன வேலையத்தான் சார் நாங்க செய்யறோம். இப்ப நீங்களே குறுக்க உக்காந்தா எப்படி?”

காவலர் அமைச்சரைத் தூக்க, அவர் கதவு நிலையைப் பற்றிக்கொள்ள, சட்டை கிழிந்த ஓசை கேட்டு அவளே பூட்டைத் திறந்து, அவரை விட்டுவிடுமாறு சொல்லி வெளியே வந்தாள். நண்பகலுக்குள் கரை, துடைத்த கற்பலகைபோல் வெறுமையாயிற்று.

தையற்பொறியைத் தோளில் சுமந்து மேடேறிய அமைச்சர், தாள் வரும்வரை அவளுக்கு ஓர் அறை தருமாறு வீடு வீடாய்க் கேட்டார். ஒரு வீட்டில் விருந்தினர் வரவிருந்தனர். ஒரு வீட்டில் வெள்ளையடிக்கவிருந்தனர். நம் வீட்டிலோ ஒழிந்துகிடந்த அறையின் திறவுகோல் அன்று பார்த்துக் காணாமற்போயிற்று. பூட்டுக்காரரிடமே அதைச் சொன்னோம். அவர் தையற்பொறியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினார். அவர் மனைவிதான் பாத்திரங்களை ஒதுக்கி, கடையின் பின்கட்டில் அவளுக்கு இடம் செய்து கொடுத்தார்.

சாலை அமைந்தது. அகலந்தான், அழகுதான், மாலைதோறும் அதில் உலவுகிறோம். அமைச்சர் இப்போது ஆட்சி பேசுவதில்லை. வாரந்தோறும் ஒருநாள் கடையடைத்து, அத்தாளைக் கேட்டு அலுவலகம் செல்கிறார், தனியே. பூட்டுத் தொழில் தெரிந்தமையால் அழைப்பு அவர் ஒருவருக்கு வந்தது; எங்கள் தொழில் எதுவும் அன்று வேண்டப்படாமையால் எங்களை எவரும் அழைக்கவில்லை. வாக்கின் நிறையோ எல்லாருக்கும் ஒன்றே.