பாதியில் நின்ற கை

"சினிமா ஓடுதேம்மா, இன்னும் என்ன குறை?" என்றான் இன்டர்நெட் மாட்டிக்கொடுத்த ஆள். தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் ஓங்கி வைத்தாள்.

"சினிமா பாக்கவா வாங்கினேன்? காது கேக்காத பொண்ணு, கையாலதான் பேசுவோம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

மகள் குருவி தூரத்து நகரத்தில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மதியம் ஆபரேஷன். அதற்குள் தைரியமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். செல்போன் சிக்னல் கிணற்றடியில் ஒரு கோடு காட்டும், வீட்டுக்குள் வந்தால் அதுவும் போய்விடும். மலை டவரைப் பார்த்து மாட்டும் இன்டர்நெட் தட்டை வாத்தியார் வீட்டில் பார்த்தாள். அங்கே சினிமா வழுக்கிக்கொண்டு ஓடியதால் அதையே வாங்கினாள். சாட்டிலைட் இன்டர்நெட் இருந்தது பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் வீட்டில். அவள் தைத்து வைத்திருந்த கல்யாணத் துணியை அவர் கோழிகள் நாசமாக்கியதிலிருந்து பேச்சே இல்லை. அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை.

இப்போது குருவியின் விரல்கள் போனில் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் அவை சொன்னது: "உன் கை பாதியில நிக்குதும்மா. சிலை மாதிரி இருக்கே. ஒண்ணும் புரியல." கண்கள் கலங்கியிருந்தன.

"இங்க வர்ற வேகம் சொன்னபடி இருக்கும்மா," என்றான் அவன். "இங்கேருந்து போறதுதான் கம்மி. அதை யாரும் கேக்க மாட்டாங்க. குரல் நல்லா போகுமே..."

"குரலா? அவளுக்கு அதை வச்சு நான் என்னய்யா பண்றது?"

அந்தக் கத்தல் வேலி தாண்டியது. கோழிப்பண்ணைக்காரர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, என் வீட்டுக்கு வாங்க. அதுல படம் போகவும் போகும், வரவும் வரும்."

"உங்க தயவு ஒண்ணும் வேண்டாம்."

"சண்டையை நாளைக்குத் தொடரலாம். பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அவர் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார். அவள் கைமேல் வெளிச்சம் விழும்படி ஜன்னல் திரையை விலக்கினார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். கைப்பேச்சைப் பார்ப்பதும் ஒட்டுக்கேட்பதுதான் என்று அவருக்கு யார் சொன்னார்களோ! கடவுள் சிலருக்குச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

குருவி மறுபடி போனில் வந்ததும், வாய்க்கு வராத வசவெல்லாம் அவள் கையில் வந்தது. மாட்டியவன், தட்டு, மலை, டவர் என்று ஒன்றையும் விடவில்லை. குருவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முழுசா வருதும்மா! உன் கோபம் ஒரு விரல்கூட நிக்காம வருது!"

அப்போதுதான் தாயின் கைகள் அடங்கின. 'பயப்படாதே. நான் வேண்டிக்கிட்டே இருக்கேன்,' என்று மெதுவாகச் சொன்னாள். குருவி தலையாட்டினாள். நர்ஸ் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது, மாட்டியவன் அவள் வீட்டுப் படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கோபம் இன்னும் ஆறவில்லை.

"ஏறி அந்தத் தட்டைக் கழட்டு!" என்றாள். உள்ளே போனவள் சொம்புடன் திரும்பி வந்தாள். "முதல்ல தண்ணியைக் குடி. வெயில்ல மயங்கி விழுந்து தொலைக்காதே."