காயாத சாந்து

முதலில் பழைய செய்தித்தாளைக் கசக்கிச் சுவரோடு கட்டிய கணப்பில் வைத்தாள். அதன்மேல் சுள்ளி, சுள்ளிக்கு மேல் கைப்பருமனில் விறகு ஒன்றே ஒன்று. தீக்குச்சியை உரசுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கணப்பை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். மூன்று கம்பளி போர்த்தியும் தாடை நடுங்குவது நிற்கவில்லை.

செய்யக்கூடாத காரியம்தான். புகைபோக்கியின் மேல்பாதியைப் பிரித்துப் புதிதாகக் கட்டிய கொத்தனார் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும்மா. உள்ள சாந்து பச்சையா இருக்கும். நான் வந்து பார்த்துச் சொல்ற வரைக்கும் தீக்குச்சியக்கூட கிட்ட கொண்டு போகாதீங்க. சூடு பட்டா வெடிச்சிடும். அப்புறம் மழை பேஞ்சா தண்ணி நேரா வீட்டுக்குள்ளதான்.”

அதுவரை தினமும் காலையில் ஏணி ஏறிப் புதுக் கட்டின்மேல் போர்த்திய சாக்கை நனைக்க வேண்டியது அவள் வேலை. இன்றைக்கும் நனைத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தாள். மேலே தண்ணீர் ஊற்றிய கையாலேயே கீழே நெருப்பு வைக்கிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஓட்ட வண்டி இல்லாமல் புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டார். குளிர்காலம் தொடங்குமுன் கூரைமேல் ஏறி, கயிற்றில் கட்டிய கம்பித் தூரிகையை உள்ளே இறக்குவார். கீழே அவள் கணப்பின் வாயைச் சாக்கால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “போலாமா கண்டக்டர்?” என்று மேலேயிருந்து குரல் இறங்கி வரும். “ரைட்!” என்று இவள் கத்துவாள். தூரிகை கரியை உதிர்த்துக்கொண்டு வரும். அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்து, நின்று, பிறகு வராமலே போன வருஷங்களிலும் இந்த வேலை மட்டும் தவறியதில்லை.

இந்த முறை அவரால் ஏற முடியவில்லை. உச்சியில் செங்கற்களைக் கையாலேயே எடுக்கலாம் என்கிற அளவுக்கு இடுக்கெல்லாம் மணலாக உதிர்ந்திருந்தது. கணப்பை மூட்டினால் பாதிப் புகை அறைக்குள் திரும்பியது. மருத்துவர் வந்து பார்த்து, அவளை வெளியே அழைத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார். உள்ளே வந்தவளிடம் அப்பா எதுவும் கேட்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிடு என்றார்.

“இப்ப எதுக்குப்பா? குளிர் முடியட்டுமே.”

“நான் இருந்தா வருஷா வருஷம் ஏறி ஒட்டுப் போட்டுக்குவேன். நீ பாதி ஏணியில நின்னுக்கிட்டுக் கத்துவே. ஒரே தடவையா உருப்படியா செஞ்சிடணும்.”

அவர் கணக்கு அவருக்கு. மலைக்குளிர்தான் அதற்குக் கட்டுப்படவில்லை. வேலை முடிந்த கையோடு வந்து இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சர் கொடுத்த மின்சார ஹீட்டர் அவருக்கு இருமலைக் கிளப்பியது. “இது என்னை வறுக்குது, குளிரை விட்டுடுது” என்று அதை அணைக்கச் சொன்னார். கணப்பைக் கொஞ்சமாக மூட்டட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டார். வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் முறையிட்டாள். “கொத்தனார் சொன்னபடி கேளு. அவசரப்பட்டு கெடுத்துடாதே” என்றான். எல்லோரும் புகைபோக்கியின் பக்கம். அப்பா உட்பட.

குச்சியை உரசினாள்.

புகை கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு ஒரே மூச்சில் மேலே போயிற்று. விறகு பிடித்துக்கொண்டு எரிந்தது.

“யாரு மூட்டச் சொன்னது?”

அவர் விழித்துக்கொண்டிருந்தார்.

“சின்னதாதாம்ப்பா.”

“அறிவிருக்கா உனக்கு? கொஞ்ச நாள் பொறுக்க முடியலையா?”

“முடியலை.”

“அணை.”

அவள் அணைக்கவில்லை. அவர் திட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கித் திட்டினார். ஊரான் உழைப்பைக் கெடுத்தாய் என்றார், நாளைக்கு மழை பெய்தால் தெரியும் என்றார். திட்டிக்கொண்டே கம்பளிக்குள்ளிருந்து ஒரு காலை மெல்ல வெளியே எடுத்தார். பிறகு இன்னொன்றை. இரண்டு உள்ளங்காலையும் நெருப்பின் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டார்.

“அந்தக் கட்டைய உள்ள தள்ளு. சரியா எரியலை பாரு.”

நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவள் தள்ளினாள். கேட்காமலே இன்னொரு விறகையும் வைத்தாள். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தாடை நடுங்குவது நின்றிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் அவள் தன் இஷ்டத்துக்குச் செய்த ஒரு காரியம் நல்லபடியாக முடிந்திருக்கிறது.

பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

டம்ளரைக் கணப்பு மாடத்தில் வைத்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள், மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். காலைத் தொட்டாள். உள்ளங்கால் சூடாக இருந்தது. அது அவருடைய சூடா, நெருப்பின் சூடா என்று சொல்ல முடியவில்லை.

சொல்லியனுப்பியதும் டீச்சர் வந்தாள். வந்தவள் முதலில் அழுதாள், பிறகு கணப்பைப் பார்த்தாள்.

“ரூம் சூடா இருக்கக் கூடாதும்மா. அண்ணன் வர்ற வரைக்கும் வெச்சிருக்கணுமே.”

அவள் எரிகிற விறகை இடுக்கியால் எடுத்து இரும்பு வாளியில் போட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். தணல்மேல் சாம்பலைத் தள்ளி மூடினாள். சன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தாள். குளிர் உள்ளே வந்ததும் அப்பாவுக்கு இருமல் வந்துவிடும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்த சன்னலுக்குப் போனாள்.

ஆட்கள் வந்தார்கள். நாற்காலி போட்டாள். எப்போது, எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். அவர் ஓட்டிய பேருந்துகளில் நடத்துநராக இருந்த ஒருவர் வந்து, நிறுத்தத்தில் நேரத்துக்கு விசில் கொடுக்காததற்காக அவரிடம் வாங்கிய வசவுகளைச் சொல்லி அழுதார். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

“அழுதுடும்மா. மரம் மாதிரி நிக்காதே” என்றாள் டீச்சர்.

“சரிங்க டீச்சர்” என்றாள். அழுகை வரவில்லை.

மாலையில் அண்ணன் வந்தான். மறுநாள் வண்டி வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டது. எல்லாம் முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கொத்தனாரும் கூடவே வந்திருந்தார், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து துவட்டிக்கொண்டு போங்கள் என்று அவள்தான் அழைத்தாள்.

அறைக் கதவைத் திறந்ததும் அண்ணன் நின்றுவிட்டான். கணப்புக்குள்ளிருந்து கரித் தண்ணீர் வழிந்து, தரையில் ஓடி, காலிக் கட்டிலின் காலைச் சுற்றித் தேங்கியிருந்தது.

“என்னய்யா வேலை பார்த்திருக்கே?” அவன் கொத்தனார் பக்கம் திரும்பினான். இரண்டு நாளாக யார்மேலும் காட்ட முடியாமல் வைத்திருந்தது எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. “சாகப்போற மனுஷன் குளிர்ல நடுங்கினாரே, இதுக்காகவா? இந்த ஒழுகலுக்காகவா?”

கொத்தனார் மண்டியிட்டுக் கணப்புக்குள் கையை விட்டார். மேலேயிருந்து சாம்பலில் விழுந்து கிடந்த ஒரு சாந்துத் துண்டை எடுத்தார். அதன் ஒரு பக்கம் கரி படிந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“பிரிச்சுக் கட்டிக் குடுத்துடறேன் தம்பி” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவரும் விடத்தான் பார்த்தார்.

“அவர் மேல தப்பு இல்லைண்ணா. நான் மூட்டிட்டேன்.”

“எப்ப?”

“அன்னைக்குக் காலையில.”

அண்ணன் அவளையே பார்த்தான். “அப்பா வேணாம்னு சொல்லலையா?”

“சொன்னார். திட்டினார்.”

“அப்புறம்?”

“நெருப்புப் பக்கம் கால நீட்டிக்கிட்டார்.”

கொத்தனார் சாந்துத் துண்டைக் கீழே போடவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“நல்லா இழுத்துச்சுங்க” என்றாள் அவரிடம். “துளிப் புகைகூட உள்ள வரலை.”

“இழுக்கும்மா” என்றார் அவர்.

அண்ணன் கொடியில் கிடந்த பழைய துண்டை எடுத்தான். பேன்ட்டை மடித்துவிடாமலே தரையில் மண்டியிட்டுக் கரித் தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினான். மழை விடவில்லை. துடைத்த இடத்திலேயே தண்ணீர் மறுபடி வந்து நின்றது. அவன் துண்டைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தான்.