எதிரி ஆஜரா?

மேனேஜர் இன்றைக்கும் கோர்ட்டுக்கு வரவில்லை. லிஃப்ட் கம்பி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று மெக்கானிக் கரடியாகக் கத்தியபோது காதில் போட்டுக்கொள்ளாத புண்ணியவான் அவர். கம்பி அறுந்து ஒருவருக்குக் கால் ஒடிந்ததும், முந்திக்கொண்டு மெக்கானிக் மேலேயே புகார் கொடுத்தார். தீர்ப்பு பாதகமானால் மெக்கானிக்குக்கு ஜெயில்தான். இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூட வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்காவுக்கு வயிறு எரிந்தது.

வக்கீலைத் தேடிக்கொண்டு தம்பி வெளியே போயிருந்தான். அந்த நேரம் பார்த்து வழக்கைக் கூப்பிட்டார்கள்.

"எதிரி ஆஜரா?" என்றார் குமாஸ்தா. பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்தாள். "அவன் எங்கங்கய்யா வருவான்? செஞ்ச தப்புக்கு மூஞ்சியக் காட்ட முடியாம ஓடி ஒளியறான். புடிச்சு உள்ள போடுங்க!"

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். "பிடிவாரண்ட்" என்று சொல்லிவிட்டு எழுதினார். அக்காவுக்கு மனசு குளிர்ந்தது. மேனேஜர் மாட்டினார் என்று நினைத்தாள்.

வக்கீலோடு உள்ளே வந்த தம்பியின் தோளில் போலீஸ்காரர் கை வைத்தார்.

"எதுக்குங்க இவனைப் புடிக்கிறீங்க?"

"கோர்ட்ல எதிரின்னா குற்றம் சாட்டப்பட்டவர்னு அர்த்தம்மா. உங்க தம்பியத்தான் சொல்றாங்க" என்றார் வக்கீல்.

"அப்ப அந்த மேனேஜரு?"

"அவர் முதல் சாட்சி."

அவள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "இத்தனை மாசமா வாய் கிழியப் பேசுனீங்களே, இந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வாய் வரலையா?"

வக்கீல் வாரண்டை ரத்து செய்ய மனு எழுத ஓடினார். மதிய இடைவேளைக்குப் பிறகுதான் எடுப்பார்களாம். அதுவரை தம்பி கம்பிக்குப் பின்னால். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா குமுறினாள். தன் வாயாலேயே தம்பியை உள்ளே தள்ளிவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம்.

"விடுக்கா. உனக்குத் தெரியாதில்ல" என்றான் தம்பி.

"எனக்குத் தெரியாதுடா. உனக்குத் தெரியுமில்ல? ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிரி எதிரின்னு கூப்பிட்டிருப்பாங்களே, நீ என்ன பண்ணே?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"ஆஜர்னு சொன்னேன்க்கா."