பிரேக்கர் அண்ணனின் கை

இடுப்பில் பிடித்த சுளுக்கு குதிகால் வரை சுண்டி இழுத்தது. நாலு நாளாக இடிந்த கான்கிரீட்டை அள்ளி லாரியில் கொட்டிய உடம்பு. சம்பளம் வாங்கியதும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கருவிகள் வைக்கும் கொட்டகையில், கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் போக்கர் ஆட உட்கார்ந்தேன்.

சம்பளம் ஆறாயிரத்து ஐநூறு. அதில் ஆறாயிரம் மச்சானுடையது. என் மனைவியின் பிரசவத்துக்குத் தன் பைக்கை அடகு வைத்துக் கொடுத்தான். பைக் இருந்தால்தான் அவனுக்குப் பார்சல் வேலை. இன்று ஐந்து மணிக்குள் மீட்காவிட்டால் கைவிட்டுப் போய்விடும். மீதி ஐநூறில் வாரத்தை எப்படி ஓட்டுவது என்று உட்கார்ந்தவன், அதற்குள் இரண்டாயிரத்து ஐநூறை நடுவில் போட்டிருந்தேன்.

நடுவில் போட்ட பலகையில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் விரித்தாயிற்று. அதோடு என் கைச் சீட்டையும் சேர்த்தால் எனக்கு ராஜா ஜோடி, ஒன்பது ஜோடி. கடைசிச் சீட்டு பலகையில் மூன்றாவது ஆர்ட்டினாக விழுந்தது. உடனே பிரேக்கர் அண்ணன் நாலாயிரம் வைத்தார். என்னிடம் மிச்சம் இருந்ததும் அவ்வளவுதான். அவர் கையில் இரண்டு ஆர்ட்டின் இருந்தால், ஐந்தும் ஒரே இனமாகி என் இரண்டு ஜோடியை அடித்துவிடும், நான் காலி. இல்லையென்றால் வெறும் மிரட்டல்.

சீட்டைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மிஷினைக் கீழே வைத்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு அவர் கை அப்படித்தான் ஆடும். டீ கிளாஸை நாங்கள் பிடித்துக்கொள்ள, அவர் குடிப்பார். அதனால் ஆட்டத்தில் அந்த நடுக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நாலு நாளாக மிஷின் ரிப்பேர். அவரும் என்னோடு மண்வெட்டிதான் பிடித்தார். அப்படியானால் இது பயம். பயப்படுகிறவன் கையில் நல்ல சீட்டு இல்லை.

ஏற்கெனவே சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்ட கிரேன்காரர் கொட்டாவி விட்டார். "என்னப்பா, சீட்ட அடைகாக்குறியா?"

அண்ணன் தலை நிமிரவில்லை. "கவுத்துடு தம்பி. நீ புள்ளகுட்டிக்காரன்."

என்னை விரட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. கவிழ்த்தால் நாலாயிரம் மிஞ்சும். அதற்குப் பைக் வராது. வைத்தேன்.

அவர் திருப்பிப் போட்டார். ராணியும் ஏழும், இரண்டும் ஆர்ட்டின்.

மிஷின்தான் ஓடவில்லையே, கை ஏன் நடுங்கியது என்று கேட்டேன்.

"அது இப்ப நிக்கிறதே இல்லடா. ரெண்டு மாசமாச்சு. தூக்கத்துலயும் ஆடுது." குரலைத் தாழ்த்தினார். "மேஸ்திரி காதுல போட்டுறாதீங்க. வேலைய விட்டு எடுத்துருவான்."

கிரேன்காரர் சீட்டுக் கலைப்பதை நிறுத்தினார். நோட்டுகளை அண்ணனால் அடுக்க முடியவில்லை. இரண்டு முறை சிதறின. நான்தான் அடுக்கி அவர் பையில் வைத்தேன்.

நாலரை மணிக்கு கேட்டுக்கு வெளியே, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மச்சான் நின்றிருந்தான். அவனுக்கு நான் ஆறாயிரம் தர வேண்டும்.