செங்குத்துக் கோடுகள்

கணிதம் படித்த அனுசுயாவுக்குச் சாயப்பட்டறையில் கிடைத்த வேலை, படம் போடுவது. சாய எந்திரத்தின் அழுத்தமானி காட்டும் அளவுகளைக் கணினி சேர்த்துவைக்கும். அவள் அவற்றைக் கணித மென்பொருளில் ஒரு சார்பாக்கி, நேரம் போகப் போக அழுத்தம் எப்படி ஏறி இறங்கியது என்று வளைகோடாக வரைவாள். அந்தக் கோட்டில் ஒரு பீடை. அளவு அவ்வப்போது சைபருக்கு விழுந்து எழும். அங்கெல்லாம் மென்பொருள் செங்குத்தாகக் கோடு இழுத்துவிடும். கணினிக்கு வரும் வயரில்தான் கோளாறு என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள்.

"துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க பாக்கற படமுங்க. கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுங்க" என்றார் மேலாளர் சரவணக்குமார். அதிலென்ன கஷ்டம்? படம் வரைந்து முடிந்ததும் அதற்குள்ளேயே கைவைத்து, செங்குத்துக் கோடுகளை எல்லாம் தேடி எடுத்துவிடும்படி நாலு வரி எழுதிச் சேர்த்தாள். மிச்சக் கோட்டைத் தடிமனாக்கியதும் இடைவெளிகள் மூடிக்கொண்டன. படம் பட்டுப்போல வந்தது. எல்லாரும் மெச்சினார்கள்.

அந்த எந்திரத்தின் மூடியைத்தான் ஒருநாள் அதை ஓட்டும் முனீஸ் திறந்தான். உள்ளே அழுத்தம் இறங்கியிருக்கவில்லை, கொதிநீர் பீறிட்டது. அவனுக்கு இரண்டு கையும் வெந்துபோயின. பக்கத்தில் நின்ற காசிமாயன் செத்தே போனான். காசிமாயன் வேறு யாருமில்லை, முனீசின் மனைவி முத்துப்பேச்சியின் ஒரே தம்பி. சாத்தூர்ப் பக்கமிருந்து அவனை வேலைக்குக் கூட்டிவந்ததே முனீஸ்தான்.

அரசாங்க ஆபீசரின் விசாரணைக்கு முன்னால் சரவணக்குமார் புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

"மானி சைபர்னு காட்டுச்சு சார். பாத்துட்டுத்தான் தெறந்தேன்."

"நீங்களே பாருங்க முனீஸ். கோடு எறங்கவே இல்லீங்களே."

முனீஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "படம் பொய் சொல்லுமா... நாந்தான் சரியாப் பாக்கல போல" என்றான். முத்துப்பேச்சி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அனுசுயாவும் அங்கேதான் நின்றாள். தன் கண்ணால் கண்டதை ஒரு மனுஷன் அவள் போட்ட படத்துக்காக விட்டுக்கொடுக்கிறானே! ஓடிப்போய் அந்த நாலு வரியை எடுத்துவிட்டு மறுபடி வரைந்தாள். மூடி திறப்பதற்குச் சற்று முன்னால் கோடு அடிவரைக்கும் விழுந்து, பிறகு எழுந்து நின்றது. வயராவது மண்ணாங்கட்டியாவது! வயர் மட்டும் கெட்டிருந்தால் முனீஸ் மானியிலேயே சைபரைப் பார்த்திருக்க முடியாது. கெட்டுப்போயிருந்தது மானியேதான். எத்தனையோ நாளாக அது காட்டிக்கொண்டிருந்த அடையாளத்தைத்தான் அவள் அழகுக்காகத் துடைத்து வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, இதையும் அனுப்போணுங்களா?" என்றார் சரவணக்குமார். முகம் வெளுத்திருந்தது.

"ஆபீசருக்கு அனுப்பிட்டேன் சார்."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் படத்தை எடுத்துக்கொண்டு முனீஸ் வீட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டு அக்கா முனீசுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மதினி, அண்ணன் பாத்தது நெசம். மானி சைபர்தான் காட்டியிருக்கு. அந்தக் கோட்ட அழிச்சது நாந்தான்" என்று சொல்லிப் படத்தை நீட்டினாள். எதற்காக அழித்தாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

முத்துப்பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். விழுந்து எழுந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்ப அவுக எந் தம்பியக் கொல்லல" என்றாள்.

"இல்ல மதினி."

அவள் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு முனீசின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவனால் மெல்ல முடியவில்லை, அழுதான். "மெதுவாத் தின்னுங்க" என்றாள். அனுசுயா வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். அவள் பக்கம் மட்டும் முத்துப்பேச்சி திரும்பவே இல்லை.