குதிரையை உள்ளே விட்டாளா?

கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சவரியம்மாள் மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில். அவள் கணவர் ஜெயப்பிரகாஷ் கட்டில் விளிம்பில், மடியில் ஒரு முறம் பூண்டோடு. மகள் வினோதினி சிமெண்டுத் தரையின் குளிர்ச்சிக்காகக் காலை நீட்டிக் கீழே. மாடியில் குடியிருக்கும் தட்சிணாமூர்த்தி தையல் மிஷின் ஸ்டூலில். சாய்ந்து உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று அதைத்தான் எப்போதும் கேட்டு வாங்கிக்கொள்வார். நடுவில் பாய். பாயில் புத்தகங்கள் இரண்டு குவியலாக.

அலமாரி ஓரத்து இடம் காலியாக இருந்தது. அது ஞானாம்பாளின் இடம்.

ஞானாம்பாளும் சவரியம்மாளும் கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகத்தில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். சவரியம்மாள் கடலூருக்கு மாற்றலாகி வந்த பிறகும் ஒரு வழக்கம் நிற்கவில்லை. கத்திரி வெயில் தொடங்கும் முன் ஞானாம்பாள் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். எல்லோரும் உட்கார்ந்து அவளுக்கு மூன்று புத்தகம் தேர்ந்தெடுப்பார்கள். அறிவை வளர்க்கும் புத்தகம் கூடாது. உலை பொங்கி வழிந்தாலும் கீழே வைக்க மனசு வராத புத்தகமாக இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒருவர் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்து, பாதியில் நிறுத்திவிட வேண்டும். கேட்பவர்களில் யாராவது மேலே என்ன ஆயிற்று என்று விசாரித்தால் புத்தகம் தேறியது. ஒருவரும் வாய் திறக்கவில்லையா, எந்தப் பரிசு வாங்கிய புத்தகமானாலும் அலமாரிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். இந்த விதியைப் போட்டவளே ஞானாம்பாள்தான்.

தை மாதம் அவள் கணவர் கோவிந்தசாமி போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அவள் எதையும் படிக்கவில்லை. போன வாரம் போனில், "இந்த வருஷம் புக்கு வேணாம் சவரி. கண்ணு ஓடுது, மனசு ஓட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டாள். சவரியம்மாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் விட்டால் இந்த வழக்கம் அடுத்த வருஷமும் வராது. புத்தகம் நின்றால் போக்குவரத்து நிற்கும். பிறகு விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொள்ளும் சிநேகமாகிவிடும்.

அதனால் அவள் தன் வழக்கப்படி முறையாக வேலையில் இறங்கினாள். வீட்டிலிருந்த புத்தகங்களை எல்லாம் ஒருமுறை புரட்டி, சாவு வருகிற கதைகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். புருஷன் பெண்டாட்டி கொஞ்சுகிற கதை, ஆஸ்பத்திரி வருகிற கதை எல்லாம் அதே பக்கம் போயின. வடிகட்டி மிஞ்சியவை இன்னொரு குவியல். அதைத்தான் காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாவது, மலைப் பிரதேசம் ஒன்றுக்குப் போய் வந்த கதை. சவரியம்மாள் படித்து நிறுத்தினாள். விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது. இரண்டாவது, தேனீ வளர்ப்பவரின் அனுபவங்கள். பூண்டு உரிக்கிற கை நின்றிருந்தது; ஜெயப்பிரகாஷ் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.

"அம்மா, எல்லாம் ஆஸ்பத்திரி கஞ்சி மாதிரியே இருக்கு" என்றாள் வினோதினி. "உப்பு எங்க?"

"வாய மூடு. நீ படிக்கப் போறியா?"

"இதயெல்லாம் படிச்சா ஞானம் அத்தை அடுத்த வருஷமும் வேணாம்னுதான் சொல்லும்."

தட்சிணாமூர்த்தி வீட்டிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். துக்கத்தைக் கடப்பது பற்றியது. அதை எடுத்துக் காட்டலாமா என்று ஒரு பார்வை பார்த்தார். சவரியம்மாள் பார்த்த பதில் பார்வையில் அது பைக்குள்ளேயே தங்கிவிட்டது. சும்மா இருக்க மாட்டாமல் ஒதுக்கிய குவியலிலிருந்து தடியான ஒரு பழைய நாவலை எடுத்துப் பிரித்து, அவர் பாட்டுக்கு உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

கறவை மாடு வாங்கச் சந்தைக்குப் போனவன் ஒரு நொண்டிக் குதிரையோடு திரும்பி வருகிறான். பொழுது சாய்ந்த நேரம். கொல்லைக் கதவின் முன் நின்று, "இந்தா, தொற" என்கிறான். உள்ளே பெண்டாட்டி. "மாடு கத்தற சத்தத்தையே காணமே" என்கிறாள். "சாதுவான மாடு" என்கிறான் அவன். அந்த நேரம் பார்த்துக் குதிரை கனைக்கிறது.

தட்சிணாமூர்த்திக்கு மூக்குக்கண்ணாடி நழுவியது. துடைப்பதற்காக நிறுத்தினார்.

"கதவத் தொறந்தாளா இல்லியா?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ். எப்போது விழித்தார் என்று யாருக்கும் தெரியாது.

"பாஸ்" என்றாள் வினோதினி.

"அது முடியாது" என்று சவரியம்மாள் எழுந்துவிட்டாள். "அந்த ஆளு அப்படியே கோவிந்தசாமி அண்ணன். தெரியலியா உங்களுக்கு?"

எல்லோருக்கும் தெரிந்தது. கோவிந்தசாமி, மிக்சி வாங்கப் போய் ஆர்மோனியம் வாங்கி வந்தவர். சாகும்வரை அதில் ஒரு பாட்டும் வாசிக்கவில்லை. "தவிர, கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல அந்தாளு செத்துப்போறான். இத எப்படி நான் அனுப்புவேன்?"

"துக்க வீடு, தங்கச்சி. வேணாம்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"யாருக்கு வேணும், யாருக்கு வேணாம்னு நாமளே பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் ஜெயப்பிரகாஷ். "படிக்கப் போறது அவுங்க. சோதன அவுங்களுக்குத்தான."

சவரியம்மாள் போனை எடுத்து ஞானாம்பாளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பாயின் நடுவில் வைத்தாள்.

"என்னா சவரி" என்றது ஞானாம்பாளின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாச்சே. உக்காந்துட்டீங்களா எல்லாரும்?"

"உக்காந்துட்டோம்."

"என் எடத்துல யாரு?"

"யாருமில்ல. பூண்டுத் தோலு கெடக்குது."

"உன் வீட்டுக்காரரக் கூட்டச் சொல்லு."

சவரியம்மாள் நாவலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, முன்னுரை எதுவும் சொல்லாமல் படித்தாள். சந்தை, குதிரை, கொல்லைக் கதவு, சாதுவான மாடு. குதிரை கனைத்த இடத்தில் நிறுத்தினாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி தரையைப் பார்த்தார். வினோதினி அம்மாவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள். போனில் மூக்கை உறிஞ்சுகிற ஓசை வந்தது. அழுகிறாள் என்றே சவரியம்மாள் நினைத்தாள்.

"ஆர்மோனியத்த மூணு நாளு வாசல்லியே வெச்சிருந்தேன்டி" என்றாள் ஞானாம்பாள். "மழ வந்துச்சி. அந்த மனுஷன் குடையத் தனக்குப் புடிக்காம அதுக்குப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. அப்பறந்தான் உள்ள விட்டேன்." அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இவ என்னா பண்ணா? குதிரைய உள்ள விட்டாளா?"

சவரியம்மாளுக்குக் கண் நிறைந்தது. "சொல்ல மாட்டேன்."

"சொல்லுடி."

"புக்கு வேணாம்னு சொன்னவங்களுக்கு எதுக்கு?"

"சரி, அனுப்பித் தொலை. ஆறுதல் புக்கு மட்டும் அனுப்பாத. வந்தவங்க எல்லாம் குடுத்துட்டுப் போனது வீட்டுல ஒரு அடுக்கு கெடக்குது."

தட்சிணாமூர்த்தி தன் பையைக் காலால் மெல்ல ஸ்டூலுக்கு அடியில் தள்ளினார்.

அதன் பிறகு ஒதுக்கிய குவியல்தான் முதல் குவியல் ஆயிற்று. பத்து வீட்டுத் தெரு ஒன்றில் நடக்கும் ஒரு துப்பறியும் கதைக்கு வினோதினியே சோதனையை மறந்து கேள்வி கேட்டாள். சமையல்காரர் ஒருவரின் கல்யாண வீட்டு வம்புகள் மூன்றாவதாகத் தேறின. தேனீக்காரர் அலமாரிக்குப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சவரியம்மாள் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கேட்பதற்குப் போன், சொல்வதற்குக் கடிதம் என்பது அவள் கணக்கு. தேதி, ஊர் எல்லாம் போட்டு எழுதினாள்.

"அன்புள்ள ஞானம், நலம். நலமறிய ஆவல். புத்தகம் மூன்றும் நாளைப் பார்சலில் வரும். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன். குதிரைக்காரன் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் இறந்துவிடுகிறான். தூக்கத்தில்தான், கஷ்டப்படாமல். அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ பின்னைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்னைத் திட்டுவாய் என்று விட்டுவிட்டேன். அதுவரை சிரித்துப் படி. அந்த அத்தியாயம் வந்ததும் மூடி வைத்துவிட்டு எனக்குப் போன் செய். பஸ் ஏறி வந்துவிடுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம். எனக்கும் அதைத் தனியாகப் படிக்கத் தெம்பில்லை. துப்பறியும் கதையில் கொலை செய்தது யார் என்று என் வீட்டுக்காரர் பாதியிலேயே சொல்லித் தொலைத்துவிட்டார். உனக்குச் சொல்ல மாட்டேன். அலமாரி ஓரத்தைக் கூட்டியாயிற்று. இப்படிக்கு, சவரி."

ஒருமுறை படித்துப் பார்த்தாள். குதிரையை உள்ளே விட்டாளா என்பதை எங்கேயும் எழுதிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். தபால் ஆபீஸ் பசை எப்போதும் காய்ந்தே கிடக்கும் என்பதால் வீட்டுப் பசையையே தடவி, உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குடையை எடுத்துக்கொண்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வெயிலில் நடந்துபோய், தபால் பெட்டியில் போட்டாள். விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள்.